டி.ஏ. வேலையை நம்பி அமெரிக்கா புறப்படும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்



அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து முதுநிலைப் படிப்புக்கான அட்மிட் கடிதம் வந்து, ஆகஸ்டில் விமானம் ஏறக் காத்திருக்கும் உங்களில் பலர் மனதில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் செமஸ்டர் கட்டணத்துக்கு வங்கிக் கடன். இரண்டாவது செமஸ்டரிலிருந்து டி.ஏ. (டீச்சிங் அசிஸ்டன்ட், அதாவது கற்பித்தல் உதவியாளர்) வேலை கிடைத்துவிடும், கட்டணம் தள்ளுபடியாகிவிடும், வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மாதச் சம்பளம் வந்துவிடும். வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கத் தயங்கும் பெற்றோரிடமும் இதைச் சொல்லித்தான் சம்மதம் வாங்கியிருப்பீர்கள். அந்தக் கணக்கைப் பற்றியது இந்த மடல். டி.ஏ. என்பது நல்ல மதிப்பெண்ணுக்குப் பரிசாகவோ, பணத் தட்டுப்பாட்டைப் பார்த்து உதவியாகவோ தரப்படுவதில்லை. குறிப்பிட்ட ஒரு பாடத்தை, குறிப்பிட்ட ஒரு செமஸ்டரில், இளநிலை மாணவர்களுக்குப் புரியவைக்க ஆள் தேவைப்படும்போது, அதைச் செய்யக்கூடியவருக்குத் தரப்படும் வேலை அது. இதை ஏற்றுக்கொண்டால் இரண்டு முடிவுகளுக்கு வந்தாக வேண்டும். கையில் இல்லாத வேலையின் சம்பளத்தைக் கடன் கணக்கில் கழிக்கக் கூடாது. அந்த வேலை வேண்டுமென்றால், இங்கிருந்து கிளம்பும் முன்பே ஆசிரியராகத் தயாராகத் தொடங்க வேண்டும்.

முதலில் வேலை என்ன என்று பார்ப்போம். பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் கால்குலஸ், அடிப்படை இயற்பியல், வேதியியல், நிரலாக்கம் போன்ற தொடக்கநிலைப் பாடங்களில் நூற்றுக்கணக்கானோர் சேர்வார்கள். பேராசிரியர் பெரிய அரங்கில் விரிவுரை நடத்துவார். பிறகு அந்தக் கூட்டம் இருபது, முப்பது பேர் கொண்ட பிரிவுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு பிரிவும் ஒரு டி.ஏ.விடம் வந்து சேரும். நிரலாக்க வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவி கையைத் தூக்கி, தன் நிரல் பட்டியலின் கடைசி எண்ணை மட்டும் கூட்டாமல் விட்டுவிடுகிறதே, ஏன் என்று கேட்கிறாள். சுழற்சி ஒரு சுற்று முன்னதாகவே நின்றுவிடுகிறது என்பது டி.ஏ.வுக்குப் பார்த்தவுடன் தெரியும். ஓர் எழுத்தைத் திருத்திக் கொடுத்தால் நிரல் ஓடிவிடும், அவளும் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள், ஒன்றும் கற்றிருக்க மாட்டாள். பட்டியலில் ஐந்து எண்கள் இருப்பதாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் மாறியின் மதிப்பு என்ன என்று அவளையே பலகையில் எழுதச் சொல்லி, நான்காவது சுற்றோடு நின்றுபோவதை அவளே கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருப்பதுதான் டி.ஏ. செய்ய வேண்டியது. அந்த இரண்டு நிமிடத்தில் மற்ற இருபத்தொன்பது பேரின் கவனமும் சிதறக் கூடாது. இதோடு மாணவர்கள் நேரில் வந்து சந்தேகம் கேட்க வாரந்தோறும் ஆஃபீஸ் அவர்ஸ், தேர்வறைக் கண்காணிப்பு, விடைத்தாள் திருத்தம் எல்லாம் உண்டு. திருத்தும்போது முதல் தாளில் ஒரு படிநிலைக்கு எத்தனை மதிப்பெண் போட்டோமோ, நூறாவது தாளிலும் அதே போட வேண்டும். இன்று உலகெங்கும் விடைத்தாள் திருத்தப் பயன்படும் கிரேட்ஸ்கோப் மென்பொருளை 2014-ல் தொடங்கியவர்கள், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் டி.ஏ.க்களாக இருந்து இந்தச் சிரமத்தை அனுபவித்தவர்கள்தான்.

இது வேலைதான் என்பதை அந்த நாட்டின் தொழிலாளர் வரலாறும் காட்டுகிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மாடிசன் வளாகத்தில் டி.ஏ.க்கள் 1966-லேயே சங்கம் அமைத்தார்கள். 1970-ல் வேலைநிறுத்தம் செய்து ஒப்பந்தமும் பெற்றார்கள். தனியார் பல்கலைக்கழகங்களில் கற்பிக்கும் மாணவர்களும் ஊழியர்களே என்று தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் 2016-ல் கொலம்பியா பல்கலைக்கழக வழக்கில் முடிவு சொன்னது. 2022 நவம்பரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்களில் சுமார் 48,000 கல்விப் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதன் விளைவாக வந்த ஒப்பந்தத்தின்படி, அரைநேர டி.ஏ.வுக்கு ஒன்பது மாதக் கல்வியாண்டுக்குக் குறைந்தபட்சம் 34,000 டாலர் என்ற அளவை 2024 அக்டோபருக்குள் எட்ட வேண்டும் என்று முடிவானது. இவ்வளவு பணமும் பொறுப்பும் சம்பந்தப்பட்ட பணியிடத்தைத் துறைத்தலைவர் யாருக்கும் தாராளமாக எடுத்துக் கொடுத்துவிட முடியாது. ஒரு பணியிடம் கூடினால் துறையின் பட்ஜெட்டில் அது தெரியும். எனவே, “ஃபண்டிங் கிடைக்குமா சார்?” என்ற கேள்விக்குப் பேராசிரியர்களிடமிருந்து பதில் வராததில் வியப்பில்லை. துறை தேடிக்கொண்டிருப்பது அடுத்த செமஸ்டரில் புள்ளியியல் பிரிவு ஒன்றை எடுத்து நடத்தக்கூடிய ஆளை.

‘டி.ஏ. கிடைத்தது’ என்று எல்லோரும் சொல்வது ஒரே விஷயத்தை அல்ல. இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. அந்த 20 மணி நேரம்தான் 50 சதவீத, அதாவது அரைநேர நியமனம். 10 மணி நேரம் என்றால் 25 சதவீதம். பல பல்கலைக்கழகங்களில் இந்த 25 சதவீதம்தான் கட்டண விலக்குக்கு எல்லைக்கோடு. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகத்தில் கட்டண விலக்கு தரும் நியமனம் 25 சதவீதத்தில்தான் தொடங்குகிறது. கலிஃபோர்னியாவிலும் அதற்குக் கீழே போனால் விலக்கு இல்லை. அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே, வாரம் 8 மணி நேரம் என்று பெர்க்லியில் பெருமளவில் மாணவர்களை நியமித்தது தவறு என்று 2020-ல் நடுவர் ஒருவர் தீர்ப்பளித்து, சுமார் 50 லட்சம் டாலர் அளவுக்கு அவர்களுக்குத் திருப்பித் தரும் நிலை வந்தது. இரண்டு மணி நேர வித்தியாசத்தில் அவ்வளவு பணம் அடங்கியிருந்தது. விடைத்தாள் மட்டும் திருத்தும் கிரேடர் வேலை வேறு வகை. அதற்கு மணிக்கணக்கில் கூலி உண்டு, கட்டண விலக்கு பெரும்பாலும் இல்லை. மணிக்கு 15 டாலர், வாரம் 10 மணி நேரம், 16 வாரம் என்று வைத்துக்கொண்டால் ஒரு செமஸ்டருக்கு 2,400 டாலர் வரும். அது சாப்பாட்டுச் செலவுக்கு உதவும், கல்விக் கட்டணத்தைத் தொடக்கூட முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். மாணவர் கட்டணத்தை நம்பியே நடத்தப்படும் தொழில்சார் முதுநிலைப் படிப்புகள் பலவற்றில், டி.ஏ. நியமனம் வந்தாலும் கட்டண விலக்கு செல்லாது என்று விதியே இருக்கும். அந்த விதி அட்மிட் கடிதத்தில் பெரிதாக அச்சாகி வருவதில்லை.

அடுத்தது வரிசை. முனைவர் பட்ட மாணவர்களைச் சேர்க்கும்போதே, இத்தனை ஆண்டுகளுக்கு உதவி உறுதி என்று துறை எழுதிக் கொடுத்துவிடுகிறது. அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் டி.ஏ. இடங்களில் பெரும்பகுதி போகும். மிஞ்சியது முதுநிலை மாணவர்களுக்கு. கணிதம், இயற்பியல், வேதியியல் துறைகள் பல்கலைக்கழகம் முழுவதுக்குமான அடிப்படைப் பாடங்களைச் சுமப்பதால் அங்கே இடங்கள் அதிகம். நம் மாணவர்கள் குவியும் கணினி அறிவியலிலோ, போட்டியில் அந்தப் பல்கலைக்கழகத்தின் இளநிலை மாணவர்களே இருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் தொடக்கநிலை நிரலாக்கப் பிரிவுகளை இளநிலை மாணவர்கள் நடத்தும் முறை 1988 முதல் இருக்கிறது. பெர்க்லியிலும் அப்படித்தான். அதே பாடத்தை அதே பேராசிரியரிடம் போன ஆண்டு படித்து முடித்த மாணவரைவிடப் புதிதாக வந்த உங்களைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் வேண்டும். 2025-ல் கூட்டாட்சி அரசின் ஆய்வு நிதி வெட்டப்பட்ட பிறகு பல பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்டச் சேர்க்கையைக் குறைத்தன. ஆய்வு உதவியாளர் பணிக்கான பணம் வற்றும்போது, ஏற்கெனவே சேர்ந்துவிட்ட ஆய்வு மாணவர்களுக்கும் டி.ஏ. இடத்தையே துறை தேடும். மறுபக்கம் கேட்பவர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3.31 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ 1.96 லட்சம் பேர் முதுநிலையிலும் முனைவர் பட்டப் படிப்பிலும் இருந்தவர்கள்.

“எங்கள் கல்லூரி சீனியருக்கு இரண்டாவது செமஸ்டரிலேயே கிடைத்ததே” என்று நீங்கள் சொல்லலாம். உண்மையாகவே கிடைத்திருக்கும். ஆனால் கிடைத்தவர்தான் வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறார். நாற்பது மின்னஞ்சல் அனுப்பிப் பதில் கிடைக்காதவர் அதைப் பற்றி எழுதுவதில்லை, ஊரில் கேட்பவர்களிடம் சொல்வதும் இல்லை. அதனால் நம் காதுக்கு வருவது பாதிக் கதை. அந்தப் பாதிக் கதையை நம்பிப் போனவருக்கு டிசம்பரில் இரண்டாவது செமஸ்டர் கட்டண பில் வரும்போது, வளாகத்துக்கு வெளியே கையில் காசு வாங்கிக்கொண்டு கடையிலோ ஹோட்டலிலோ வேலைக்கு நிற்கத் தோன்றும். அது விசா விதிமீறல். பிடிபட்டால் படிப்பும் போகும், கடன் மட்டும் நிற்கும். கல்விக் கடனுக்குப் படிக்கும் காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தை நிரப்பும் பல்கலைக்கழகமே, உறுதியான கடிதம் இல்லாத டி.ஏ. வருமானத்தை அதில் சேர்ப்பதில்லை. முதல் ஆண்டுச் செலவுக்கான பணம் வேறு வழியில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. அவர்கள் சேர்க்காத தொகையை நாமும் சேர்க்க வேண்டாம். டி.ஏ. இல்லாமலே தாங்கக்கூடிய படிப்பு எதுவோ அதைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை என்றால், கட்டணம் குறைந்த பல்கலைக்கழகத்துக்குப் போவதிலோ ஓராண்டு தள்ளிப்போடுவதிலோ எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

கிடைப்பது அரிது என்று சொல்லி உங்களைத் தடுத்து நிறுத்துவது என் நோக்கம் அல்ல. அரிதான இடம் கற்பிக்கத் தெரிந்தவருக்குப் போகிறது என்பதால், அதற்குத் தயாராக முடியும் என்பதே என் வாதம். முதல் படி பேச்சு. 1980-களில், டி.ஏ. பேசுவது புரியவில்லை என்று அமெரிக்க மாணவர்களும் பெற்றோரும் புகார் செய்ததையடுத்துப் பல மாநிலங்கள் சட்டமே இயற்றின. வகுப்பெடுப்பவர்களின் ஆங்கிலத் திறனுக்குக் கல்வி நிறுவனம் சான்று தர வேண்டும் என்கிறது பென்சில்வேனியாவின் 1990-ம் ஆண்டுச் சட்டம். பர்டூ பல்கலைக்கழகம் இதற்கென்றே வாய்மொழித் தேர்வு வைத்திருக்கிறது. இல்லினாயில் நேர்காணல் முறையில் சோதிக்கிறார்கள். டோஃபல் ஆங்கிலத் தேர்வில் பேச்சுப் பகுதிக்கு மட்டும் குறிப்பிட்ட மதிப்பெண் இருந்தால் இந்தச் சோதனையிலிருந்து விலக்குத் தரும் இடங்களும் உண்டு. மொத்த மதிப்பெண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பேச்சுப் பகுதி குறைவாக இருந்தால் வகுப்புக்குள் விட மாட்டார்கள். நம்மில் பலர் மொத்தத்தைப் பார்த்துத் திருப்தியடைந்து இதைக் கோட்டை விடுகிறோம்.

இந்தச் சோதனைகள் நம்மைப் போன்றவர்களை வடிகட்டத்தானே என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் ரூபின் 1992-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க ஆங்கிலம் பேசும் ஒருவரின் ஒரே ஒலிப்பதிவை இரண்டு குழு மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு குழுவுக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படமும், இன்னொரு குழுவுக்கு ஆசியப் பெண்ணின் படமும் பேசுபவர் என்று காட்டப்பட்டன. குரல் ஒன்றே. ஆசிய முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டவர்கள் இல்லாத வெளிநாட்டு உச்சரிப்பைக் கேட்டதாகச் சொன்னார்கள், பாடத்தையும் குறைவாகவே புரிந்துகொண்டார்கள். ஆக, ஒரு பகுதிச் சுமை கேட்பவரின் மனத்தில் இருக்கிறது. அதை நம்மால் மாற்ற முடியாது. மாற்ற முடிகிற பகுதி கணிசமானது. வேகத்தைக் குறைப்பது, முக்கியமான சொல்லைச் சொல்லும்போதே பலகையில் எழுதுவது, மாணவர் கேட்ட கேள்வியைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டு பதில் சொல்வது, ஒரு வாக்கியம் முடிந்ததும் நிறுத்துவது. அமெரிக்கர் மாதிரி நாக்கைச் சுழற்றப் பழகுவதால் ஒரு பயனும் இல்லை, தெளிவு இன்னும் கெடும். திருநெல்வேலி உச்சரிப்போடு நிதானமாகப் பேசும் ஒருவர் அருமையான டி.ஏ.வாக இருக்க முடியும்.

இரண்டாவது, கற்பித்த அனுபவம். நம் பொறியியல் கல்லூரிகள் வாயைத் திறக்காமலே முதல் வகுப்பில் தேறிவிடக்கூடிய அமைப்பு என்பது வருத்தமான உண்மை. ஆனால் வாய்ப்புகள் இல்லாமல் இல்லை. கொரோனாவுக்குப் பின் 2021-ல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் ஏராளமான இளைஞர்கள் தன்னார்வலர்களாக மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். நம்மவர்கள் விண்ணப்பங்களில் எங்கோ நடந்த ஒருநாள் கருத்தரங்குச் சான்றிதழைப் போடுவார்கள், ஓராண்டு முழுக்க இருபது பிள்ளைகளுக்குப் பின்னம் புரியவைத்ததைப் போட மாட்டார்கள். டி.ஏ. விண்ணப்பத்தில் மதிப்புள்ளது அந்த இருபது பிள்ளைகள்தான். அரியர் வைத்த நண்பர்களுக்குத் தேர்வுக்கு முன் சிக்னல்ஸ் பாடம் நடத்தியது, ஆய்வகத்தில் ஜூனியர்களுக்கு உதவியது, டியூஷன் எடுத்தது எல்லாமே கணக்கில் வரும். எந்தப் பாடம், எத்தனை பேர், எவ்வளவு காலம் என்று எழுதத் தெரிந்தால் போதும்.

மூன்றாவது, கேட்கும் முறை. “ரெஸ்பெக்டட் சார்” என்று தொடங்கி, துறையில் உள்ள முப்பது பேராசிரியர்களுக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்புவது வீண். முந்தைய ஆண்டின் பாடத்திட்டம் பெரும்பாலும் பொதுவெளியில் கிடைக்கும். அதைப் படித்துவிட்டு, வரும் இலையுதிர்கால செமஸ்டரில் நீங்கள் நடத்தும் தரவுத்தளப் பாடத்துக்கு டி.ஏ. தேவைப்படுமா என்று ஒரே வரியில் கேளுங்கள். அந்தப் பாடத்துக்கு இணையானதை எப்போது படித்தீர்கள், என்ன கிரேடு, அதில் எதைப் பிறருக்குக் கற்பித்திருக்கிறீர்கள், பேச்சுத் தேர்வு நிலை என்ன என்பதை அடுத்த நான்கு வரிகளில் சொல்லுங்கள். குடும்பக் கஷ்டத்தை எழுத வேண்டாம். அது பொய் என்பதால் சொல்லவில்லை, பணியிடத்தை அது தீர்மானிப்பதில்லை என்பதால் சொல்கிறேன். பல துறைகளில் பேராசிரியர் தனியாக ஆள் எடுப்பதில்லை. துறை அலுவலகம் வெளியிடும் விண்ணப்பப் படிவமும் கெடுவும் உண்டு, அதைத் தவறவிட்டவரைப் பேராசிரியர் விரும்பினாலும் சேர்க்க முடியாது. செமஸ்டர் தொடங்கும் வாரத்தில் மாணவர் சேர்க்கை எதிர்பார்த்ததைத் தாண்டும்போதும், நியமிக்கப்பட்டவர் விலகும்போதும் சில இடங்கள் திடீரெனத் திறக்கும். அப்போது துறை அலுவலகம் பட்டியலில் இருக்கும் பெயரைத்தான் தேடும். சொந்தத் துறைக்கு வெளியேயும் பாருங்கள். நிரலாக்கமும் புள்ளியியலும் தெரிந்தவர் வணிகப் பள்ளிக்கும் பொதுச் சுகாதாரத் துறைக்கும் தேவைப்படலாம்.

“கற்பித்துக்கொண்டிருந்தால் ஆய்வும் வேலைதேடலும் என்ன ஆவது?” என்ற கேள்வியும் நியாயமானதே. வாரம் 20 மணி நேரம் சிறிய விலை அல்ல, முதல் செமஸ்டரில் அது பாரமாகவே இருக்கும். ஆனால் அது வீண்செலவு என்ற எண்ணத்துக்கு ஆதாரம் இல்லை. டேவிட் ஃபெல்டனும் சக ஆய்வாளர்களும் 2011-ல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், அறிவியல், பொறியியல் மாணவர்கள் கல்வியாண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் எழுதிய ஆய்வுத் திட்டங்களை ஒப்பிட்டார்கள். ஆய்வோடு கற்பித்தலும் செய்தவர்கள், சோதிக்கத்தக்க கருதுகோளை உருவாக்குவதிலும் சோதனையை வடிவமைப்பதிலும் ஆய்வு மட்டும் செய்தவர்களைவிட அதிகம் முன்னேறியிருந்தார்கள். பிறர் சிந்தனையில் ஓட்டை எங்கே என்று வாரந்தோறும் தேடுகிறவர், தன் சிந்தனையிலும் அதைத் தேடப் பழகிவிடுகிறார் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

வேலை கிடைத்தவர்களுக்கும் ஒரு சொல். மாணவரின் மதிப்பெண்ணும் பதிவுகளும் 1974-ம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தின்படி ரகசியம். நம்ம ஊர்ப் பையன்தானே என்று ஒருவனுக்குத் தேர்வு மதிப்பெண்ணை முன்கூட்டிச் சொல்வதும், அறைத்தோழனின் தாளை நீங்களே திருத்துவதும் நட்பில் அடங்காது. ஒருவர் செய்யும் இந்தத் தவறு, அடுத்த ஆண்டு நம்மூரிலிருந்து வருகிறவரின் விண்ணப்பத்தின் மீது சந்தேகமாக விழும்.

கடைசியாக, இப்போதே செய்யக்கூடிய ஒன்று. நிதியுதவியோடு வரும் சேர்க்கைக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்துவதில்லை என்று அமெரிக்க முதுநிலைக் கல்விக்கூடங்களின் கூட்டமைப்பில் உள்ள பல பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. உதவி ஏதும் எழுதித் தராத சேர்க்கைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே முன்பணம் கட்டும் முன் உங்கள் துறையின் முதுநிலை ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். நான் சேரும் படிப்புக்கு டி.ஏ. நியமனத்தின் கட்டண விலக்கு செல்லுமா? சென்ற ஆண்டு இந்தப் படிப்பின் முதலாண்டு மாணவர்களில் எத்தனை பேர் 25 சதவீதமோ அதற்கு மேலோ நியமனம் பெற்றார்கள்? பேச்சுத் திறன் விதி என்ன, விண்ணப்பக் கெடு எப்போது? வரும் பதிலை அச்செடுத்து, கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் உங்கள் வீட்டாரோடு உட்கார்ந்து படியுங்கள்.